திம்மையா: சீருடைக்குள் இருந்த மனசாட்சி

1959-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31. இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி தம் பதவி விலகல் கடிதத்தை அரசுக்கு அனுப்பினார். பிரதமர் ஜவாஹர்லால் நேரு அவரை அழைத்துப் பேசினார். அன்றே கடிதம் திரும்பப் பெறப்பட்டது. மறுநாள் காலை செய்தித்தாள் ஒன்றின் வழியே நாடு முழுவதும் அது தெரிந்துவிட்டது. அதற்கு அடுத்த நாள் நாடாளுமன்றத்தில் எழுந்த பிரதமர், தளபதி சொன்ன காரணங்கள் கனமற்றவை என்றும், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசே ராணுவத்துக்கு மேலானது என்றும் விளக்கமளித்தார். நாட்டில் மிகவும் மதிக்கப்பட்ட போர்வீரர் ஒருவர், மூன்று நாட்களுக்குள் தலைகுனிந்து நிற்க நேர்ந்தது. அவர் பெயர் கோடந்தேர சுப்பையா திம்மையா.

சுதந்திர இந்தியாவின் தளபதிகளைப் பற்றிப் பேசும்போது கரியப்பாவையும் மானெக்‌ஷாவையும் உடனே நினைவுகூர்கிறோம். கரியப்பா முதல் இந்தியத் தலைமைத் தளபதி. மானெக்‌ஷா வங்கதேசப் போரின் வெற்றி நாயகர். இவ்விருவருக்கும் நடுவே வந்த திம்மையாவின் பெயர், பள்ளிப் பாடநூல்களில் பெரும்பாலும் ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. ஆனால், ஒரு குடியரசில் ராணுவ வீரன் யாருக்குக் கட்டுப்பட்டவன், எதுவரை கட்டுப்பட்டவன் என்ற கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் எதிர்கொண்டவர் அவர் என்பதே என் எண்ணம். அந்தக் கேள்வி இன்றும் பழையதாகிவிடவில்லை. ஆகவே அவர் வாழ்க்கையைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது.

குடகிலிருந்து சாண்ட்ஹர்ஸ்ட் வரை

1906-ஆம் ஆண்டு மார்ச் மாதம் குடகின் மடிக்கேரியில், காபித் தோட்டம் வைத்திருந்த வசதியான குடும்பத்தில் பிறந்தார் திம்மையா. குடகர்கள் போர்க்குடி மரபினர் என்பது ஊரறிந்த செய்தி. ஆங்கிலேய ஆட்சி கொண்டுவந்த ஆயுதச் சட்டத்திலிருந்தும் அவர்களுக்கு விலக்கு இருந்தது. திம்மையா பிறந்த அதே கோடந்தேர குலத்திலிருந்துதான் கரியப்பாவும் வந்தார். ஒரு சிறிய மலைநாட்டின் ஒரே குலம் இந்திய ராணுவத்துக்கு இரண்டு தலைமைத் தளபதிகளைத் தந்திருக்கிறது.

சிறுவன் திம்மையாவின் தொடக்கக் கல்வி நீலகிரியில், குன்னூர் செயின்ட் ஜோசப் பள்ளியில் நடந்தது. பின்னர் பெங்களூரின் பிஷப் காட்டன் பள்ளி. 1922-இல் டேராடூனில் இந்தியச் சிறுவர்களுக்கென வேல்ஸ் இளவரசர் பெயரில் ராணுவக் கல்லூரி தொடங்கப்பட்டபோது, அதன் முதல் மாணவர்களுள் ஒருவராகச் சேர்ந்தார். அங்கிருந்து இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரி. அக்காலத்தில் அந்தக் கல்லூரியில் ஆண்டொன்றுக்கு இந்தியர்களுக்கு ஒதுக்கப்பட்டவை பத்து இடங்களே. 1926-இல் அதிகாரியாக நியமனம் பெற்றார்.

அந்த நியமனத்துக்குப் பின்னால் ஓர் அவமதிப்பு ஒளிந்திருந்தது. இந்திய அதிகாரிகளை எல்லாப் படைப்பிரிவுகளிலும் சேர்த்தால், என்றேனும் ஒரு நாள் ஆங்கிலேயர் இந்தியரின் கீழ்ப் பணிபுரிய நேரும் என்று ஆட்சியாளர்கள் அஞ்சினர். ஆகவே, எட்டே எட்டு படைப்பிரிவுகளை மட்டும் இந்தியர்களுக்கென ஒதுக்கினர். திம்மையா சேர்ந்த ஹைதராபாத் ரெஜிமென்டின் நான்காவது பட்டாலியன் அவற்றுள் ஒன்று. மன்னரின் அதிகாரப் பத்திரம் பெற்ற அதிகாரியாக இருந்தும், ஆங்கிலேயரின் கிளப்புகள் பலவற்றில் இந்தியருக்கு இடமில்லை. தம் வீரர்களை வழிநடத்தத் தகுதி உண்டு. சக அதிகாரிகளோடு ஒரே மேசையில் அமரத் தகுதி இல்லை. இந்த முரண்பாட்டோடுதான் அந்தத் தலைமுறை இந்திய அதிகாரிகள் வளர்ந்தனர்.

அதைவிடக் கூர்மையான முரண்பாடு ஒன்றும் இருந்தது. அலகாபாத்தில் பணியிலிருந்தபோது, தேசிய இயக்கத்தின் மையமாக விளங்கிய நேரு குடும்பத்தோடு திம்மையாவுக்குப் பழக்கம் ஏற்பட்டது. நாடே சட்ட மறுப்பில் இறங்கியிருக்கும் வேளையில் அந்நிய அரசின் சீருடையை அணிந்திருப்பது முறையா என்ற கேள்வி அவரையும் அவர் நண்பர்களையும் வாட்டியது. பதவியைத் துறந்து போராட்டத்தில் இறங்கிவிடலாமா என்று அவர்கள் மோதிலால் நேருவிடம் யோசனை கேட்டனர். அவரோ அவர்களைத் தடுத்தார். சுதந்திரம் வரத்தான் போகிறது. வரும் நாளில் பயிற்சி பெற்ற இந்திய அதிகாரிகள் இல்லாவிட்டால் அந்தச் சுதந்திரத்தைக் காப்பது யார் என்பது அவருடைய வாதமாக இருந்தது. திம்மையா சீருடையிலேயே தொடர்ந்தார். விலக விரும்பிய அவரைத் தந்தை நேரு ஒருமுறையும், மகன் நேரு மறுமுறையும் தடுத்தனர் என்பதை நினைக்கும்போது எனக்கு வியப்பே மிஞ்சுகிறது.

1935-இல் அவருக்கும் நீனாவுக்கும் திருமணம் நடந்தது. அதே ஆண்டு மே மாதம் குவெட்டா நகரைப் பெரும் நிலநடுக்கம் தரைமட்டமாக்கியபோது இருவரும் அங்கிருந்தனர். மீட்புப் பணியில் நீனா ஆற்றிய தொண்டுக்காக அவருக்கு அரசு பதக்கம் வழங்கப்பட்டது. பின்னர் திம்மையா சிறிது காலம் சென்னையில் பல்கலைக்கழக மாணவர் பயிற்சிப் படையின் அதிகாரியாகவும் பணியாற்றினார். இன்றைய தேசிய மாணவர் படையின் முன்னோடி அது.

சகோதரர்கள் இருவர், பாதைகள் இரண்டு

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய காலத்தில் அவருடைய பட்டாலியன் சிங்கப்பூரில் இருந்தது. மேலதிகாரியோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் திம்மையா இடமாற்றம் கேட்டு இந்தியா திரும்பினார். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அங்கேயே இருந்திருந்தால் அவரும் ஆயிரக்கணக்கான இந்திய வீரர்களைப் போலப் போர்க் கைதியாகியிருப்பார். அவருடைய அண்ணன் பொன்னப்பா அவ்வாறுதான் சிறைப்பட்டார். பின்னர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்.

ஒரே வீட்டில் பிறந்த இருவர், எதிரெதிர் அணிகளில் நின்றனர். இருவருடைய நோக்கமும் இந்தியாவே என்பதை மறுக்க இயலாது. பர்மியப் போர்முனையில் இந்திய தேசிய ராணுவம் நேசநாடுகளின் படையை எதிர்த்துப் போரிட்ட அதே காலத்தில், அரக்கான் கடலோரத்தில் தம்பி திம்மையா ஒரு பட்டாலியனுக்குத் தலைமையேற்றுப் போரிட்டுக்கொண்டிருந்தார். இதில் ஒருவரைத் தியாகி என்றும் மற்றவரைக் கூலி என்றும் பிரித்துவிடுவது எளிது. நான் அவ்வாறு பிரிக்க விரும்பவில்லை. 1947-க்குப் பின் ஒரு குடியரசுக்குத் தேவைப்பட்ட கட்டுப்பாடான ராணுவமும், அந்தக் குடியரசை விரைவாகக் கொண்டுவந்த எழுச்சியும் அந்தக் குடகு வீட்டிலிருந்து ஒருசேரப் புறப்பட்டன என்றே கொள்கிறேன்.

1945 ஜனவரியில் நடந்த கங்காவ் சண்டை, பர்மியப் போரின் கடும் சண்டைகளுள் ஒன்று. பின்வாங்கும் ஜப்பானியரின் சாலையை மறிக்க அனுப்பப்பட்ட 51-ஆவது பிரிகேடில் மூன்று பட்டாலியன்கள் இருந்தன. மூன்றுக்கும் இந்தியரே தலைவர்கள்: திம்மையா, எஸ்.பி.பி. தோரட், எல்.பி. சென். இந்தியரால் படை நடத்த முடியுமா என்று இருபது ஆண்டுகளாக ஐயப்பட்டவர்களுக்கு அங்கே விடை கிடைத்தது. மூவருக்கும் உயர்ந்த வீரப் பதக்கமான டி.எஸ்.ஓ. வழங்கப்பட்டது. விரைவிலேயே போர்க்களத்தில் ஒரு பிரிகேடுக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியர் என்ற பெருமையும் திம்மையாவுக்குக் கிடைத்தது. சிங்கப்பூரில் ஜப்பானியர் சரணடைந்த நிகழ்ச்சியில் அவர் பங்கேற்றார். அதன்பின் ஜப்பானில் நிலைகொண்ட நேசநாட்டுப் படையில் இந்திய பிரிகேடுக்குத் தலைவராக இருந்தார்.

பனிமலைமேல் டாங்கிகள்

பிரிவினையின் குருதி வெள்ளத்தில், கிழக்குப் பஞ்சாபில் அகதிகளைக் காக்கும் பொறுப்பு முதலில் அவரிடம் வந்தது. 1948-இல் காஷ்மீர். ஸ்ரீநகரைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஷனுக்கு அவர் தளபதியானபோது, லடாக்கின் லே நகரம் முற்றுகையை எதிர்நோக்கியிருந்தது. நிலவழி அடைபட்டிருந்தது. மே 24 அன்று விமானப்படை அதிகாரி மெஹர் சிங், இமயத்தின் உயர்ந்த சிகரங்களைக் கடந்து, அதற்கு முன் எந்த விமானமும் இறங்கியிராத லேயின் மணல்தரையில் டகோட்டா விமானத்தை இறக்கினார். ஆபத்து மிகுந்த அந்த முதல் பயணத்தில் உடன் சென்றவர் திம்மையா. வீரர்களை அனுப்பும் முன் தாமே சென்று பார்ப்பது அவர் வழக்கம்.

லேயைக் காப்பாற்றினாலும், காஷ்மீரிலிருந்து லடாக் செல்லும் வாசலான ஸோஜிலா கணவாய் எதிரியின் கையில் இருந்தது. செப்டம்பரில் காலாட்படை மேற்கொண்ட தாக்குதல்கள் தோற்றன. குளிர்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. பனி மூடிவிட்டால் அடுத்த கோடை வரை லடாக் தனித்துவிடப்படும். அப்போதுதான், 11,500 அடி உயரத்துக்கு டாங்கிகளைக் கொண்டுசெல்வது என்ற, கேட்டவர் நம்ப மறுத்த திட்டத்தைத் திம்மையா கையிலெடுத்தார்.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்கள் பெருமிதம் கொள்ள ஒரு செய்தி உண்டு. கோவேறுக் கழுதைகள் செல்லும் ஒற்றையடிப் பாதையை, டாங்கிகள் செல்லும் சாலையாக மாற்றித் தந்தவர்கள் மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் சென்னைப் பொறியாளர் படையினர். எதிரியின் துப்பாக்கிச் சூட்டுக்கும் உறைபனிக்கும் நடுவே பாறையைப் பிளந்து அவர்கள் பாதை அமைத்தனர். ஏழாவது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள், சுழல்கூண்டுகள் கழற்றப்பட்டு, உருமறைக்கப்பட்டு, ஒற்றர் கண்ணில் படாமல் ஜம்மு பகுதியிலிருந்து கணவாயின் அடிவாரத்துக்கு வந்துசேர்ந்தன. நவம்பர் 1 அன்று, கொட்டும் பனியில் டாங்கிகள் ஸோஜிலாவில் ஏறின. முன்னணி டாங்கி ஒன்றில் டிவிஷன் தளபதியே அமர்ந்திருந்தார். அத்தனை உயரத்தில் டாங்கிகளை எதிர்பார்த்திராத எதிரிப் படை நிலைகுலைந்தது. அம்மாதத்துக்குள் திராஸும் கார்கிலும் மீட்கப்பட்டன. லேக்குச் செல்லும் வழி திறந்தது. இன்று நம் வரைபடத்தில் லடாக் இருப்பதற்கு அந்த நவம்பர் ஒரு முக்கியக் காரணம்.

அந்த ஏழாவது லைட் கேவல்ரியும், ஒரு காலத்தில் இந்தியருக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்ட எட்டுப் படைப்பிரிவுகளில் ஒன்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

கொரியாவில் ஒரு நடுவர்

வெற்றிகள் ஒருவரின் துணிவைக் காட்டும். நடுநிலை அவர் குணத்தைக் காட்டும். கொரியப் போர் 1953-இல் நின்றபோது, தீர்க்கப்படாத பெரும் சிக்கல் போர்க் கைதிகள். ஐ.நா. தரப்பின் பிடியிலிருந்த சீன, வட கொரியக் கைதிகளில் 22,600-க்கும் மேற்பட்டோர் தாயகம் திரும்ப மறுத்தனர். மறுதரப்பில் 359 பேர் அவ்வாறே மறுத்தனர். இவர்களின் உண்மையான விருப்பத்தை அறிய, ஸ்வீடன், ஸ்விட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாகியா, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளைக் கொண்ட நடுநிலை நாடுகள் ஆணையம் அமைக்கப்பட்டது. தலைவர் திம்மையா. கைதிகளைக் காக்கும் இந்தியப் படைக்குத் தலைவர், கங்காவ் காலத் தோழர் தோரட்.

இரண்டுக்கு இரண்டாகப் பிளவுபட்ட ஆணையத்தில், தீர்ப்பளிக்கும் வாக்கு எப்போதும் இந்தியாவுடையதாக இருந்தது. எந்த முடிவை எடுத்தாலும் ஒரு வல்லரசு சினம்கொள்ளும். தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ, இந்திய வீரர்கள் தம் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று தடுத்துவிட்டார். துறைமுகத்துக்கு வந்த நம் படையை ஹெலிகாப்டர்களில் ஏற்றி, படைகள் விலக்கப்பட்ட பகுதிக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. முகாம்களுக்குள் கைதிகளின் தலைவர்கள் தத்தம் அரசியலை வன்முறையால் நிலைநாட்டிக்கொண்டிருந்தனர். தாயகம் திரும்ப விரும்பியவர் அதை வாய்திறந்து சொல்வதற்கே அஞ்சும் நிலை. கலவரங்கள் மூண்டன; கைதிகள் இந்திய அதிகாரியைப் பிணையாகப் பிடித்து வைத்த நிகழ்வும் நடந்தது. பெருமளவு துப்பாக்கியைப் பயன்படுத்தியிருந்தால் நூற்றுக்கணக்கானோர் மடிந்திருப்பர். இந்தியப் படை பொறுமையைக் கையாண்டது.

குறித்த காலம் முடிந்தும் அரசியல் மாநாடு கூடவில்லை. கைதிகளை விடுதலை செய்யவும் ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை. காலவரையின்றி வைத்திருக்கவும் வழியில்லை. 1954 ஜனவரியில், அவர்களை முன்பு யாரிடமிருந்து பெற்றதோ அந்தத் தரப்புகளிடமே ஒப்படைப்பது என்ற முடிவைத் திம்மையா எடுத்தார். இரு தரப்பும் குறை கூறின. எனினும் ஒரு பெரும் போர் மீண்டும் மூளாமல் காக்கப்பட்டது. எந்தப் பக்கமும் செல்ல விரும்பாத 88 பேர் இந்தியப் படையோடு கப்பலேறிச் சென்னைத் துறைமுகம் வழியே இந்த நாட்டுக்கு வந்தனர். அந்த ஆண்டு அவருக்குப் பத்மபூஷண் வழங்கப்பட்டது. இந்த அனுபவத்தை அவர் நூலாக எழுதினார். அது அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே அச்சேறியது.

கொரியாவை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அரசியல் அறியாத முரட்டுச் சிப்பாய் என்று திம்மையாவை யாரும் ஒதுக்கிவிட முடியாது. பனிப்போரின் நடுமையத்தில், நேருவின் அணிசேராக் கொள்கையை நடைமுறையில் செயல்படுத்திக் காட்டியவர் அவர். அந்தக் கொள்கையின் எல்லைகளையும் அங்கேதான் அவர் கண்டறிந்திருக்க வேண்டும்.

அமைச்சரும் தளபதியும்

1957 மே மாதம், தம்மைவிட மூத்த இருவரைத் தாண்டித் திம்மையா தலைமைத் தளபதியாக்கப்பட்டார். அதாவது, நேரு அவரை நம்பினார். அதற்குச் சில வாரங்களுக்கு முன் வி.கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராகியிருந்தார். மேனன் அறிவுக்கூர்மை மிக்கவர். உள்நாட்டிலேயே தளவாட உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்று உழைத்தவர். இன்றைய தற்சார்புக் குரல்களுக்கு அவரும் ஒரு முன்னோடி. அதே நேரம், அவருடைய பேச்சில் தேள்கொடுக்கு இருந்தது. படைத் தளபதிகளைத் தாண்டி இளநிலை அதிகாரிகளோடு நேரடியாகப் பேசுவதும், மூத்தவர்களைப் பிறர் முன்னிலையில் சிறுமைப்படுத்துவதும் அவர்மீது கூறப்பட்ட குற்றச்சாட்டுகள்.

பூசல் பதவி உயர்வுகளில் வெடித்தது. பி.எம். கௌல் என்ற அதிகாரி, நேருவுக்கும் மேனனுக்கும் நெருக்கமானவர். போர்க்களத்தில் படை நடத்திய அனுபவம் இல்லாதவர் என்பது ராணுவத்துக்குள் அவரைப் பற்றி நிலவிய குறை. அவரை லெப்டினன்ட் ஜெனரலாக உயர்த்துவதில் தளபதியின் பரிந்துரை புறக்கணிக்கப்பட்டது. அதிகாரிகளின் எதிர்காலம் தளபதியின் மதிப்பீட்டால் அல்லாமல் அமைச்சரின் தயவால் தீர்மானிக்கப்படும் என்றால், போர்க்களத்தில் எந்த அதிகாரி உண்மையைச் சொல்வான்? திம்மையாவின் கவலை இதுவே. இதனோடு எல்லையில் சீனாவின் நடமாட்டம் குறித்த எச்சரிக்கைகளும் உரிய கவனம் பெறவில்லை. 1959 ஆகஸ்ட் இறுதியில் லாங்ஜுவில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த வாரத்தில்தான் கடிதம் எழுதப்பட்டது.

நேருவின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. முந்தைய ஆண்டு அக்டோபரில் பாகிஸ்தானில் அயூப் கான் ஆட்சியைப் பிடித்தார். அதே மாதம் பர்மாவில் அதிகாரம் நே வின் கைக்குப் போனது. கிழக்கிலும் மேற்கிலும் தளபதிகள் அரசுகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது, மக்களிடம் செல்வாக்குள்ள ஒரு தளபதி அமைச்சருக்கு எதிராகக் கடிதம் கொடுத்தால், அதை ஏற்று அமைச்சரை மாற்றுவது தவறான முன்னுதாரணமாகிவிடும். நாடாளுமன்றத்தில் அவர் நிலைநாட்டிய கோட்பாடு முற்றிலும் சரியானது. அந்தக் கோட்பாட்டால்தான் இந்தியா இன்றும் குடியரசாக இருக்கிறது.

ஆனால், கோட்பாட்டைக் காத்த அதே மூச்சில் தளபதியின் மனக்குறையை அற்பமென்று தள்ளியது சரியா? தனியே அழைத்து, நாட்டின் நெருக்கடியைக் காட்டி, கடிதத்தைத் திரும்பப் பெறச் செய்துவிட்டு, பொதுவெளியில் அவரைக் கண்டித்தது நியாயமா? இல்லை என்பதே என் உறுதியான கருத்து. ராணுவம் மக்களாட்சிக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்பது ஒரு பாதி. ராணுவத்தின் தொழில்சார் அறிவுரையை மக்களாட்சி செவிமடுக்க வேண்டும் என்பது மறுபாதி. 1959-இல் முதல் பாதி வென்றது. இரண்டாம் பாதி கைவிடப்பட்டது.

திம்மையா மீண்டும் விலகியிருக்க வேண்டும் என்று சொல்வோர் உண்டு. கடிதத்தைத் திரும்பப் பெற்ற கணத்தில் அவர் தம் வலிமையை இழந்துவிட்டார் என்பதில் உண்மை இருக்கிறது. அடுத்த இருபது மாதங்கள் அவர் பதவியில் இருந்தும் இல்லாதவராக இருந்தார். ஆனால், அன்றைய நிலையில் அவர் பிடிவாதமாக நின்றிருந்தால், அவர் விரும்பாவிட்டாலும் அவரைச் சுற்றி ஓர் அரசியல் அணி உருவாகியிருக்கும். பதவியைத் துறக்கும் பெருமையைவிட, ராணுவம் அரசியலுக்குள் இழுக்கப்படாமல் காப்பதே பெரிதென்று அவர் கருதினார் என்று நம்புகிறேன். அதற்கு அவர் கொடுத்த விலை அவருடைய மானம்.

சொன்னது நடந்தது

அந்த அக்டோபரில் கொங்கா கணவாயில் இந்தியக் காவலர்கள் சீனரால் கொல்லப்பட்டனர். கிழக்குப் பிராந்தியத் தளபதியாக இருந்த தோரட், வடகிழக்கு எல்லையைக் காக்கத் தேவையான படைபலம் பற்றி விரிவான மதிப்பீடு ஒன்றைத் தயாரித்தார். திம்மையா அதை ஏற்று அமைச்சருக்கு அனுப்பினார். அமைச்சர் அதைப் பொருட்படுத்தவில்லை என்று தோரட் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார். 1961 மே மாதம் இருவரும் ஓய்வுபெற்றனர். தமக்குப் பின் தோரட் வர வேண்டும் என்ற திம்மையாவின் விருப்பம் நிறைவேறவில்லை. புதிய தளபதி பி.என். தாப்பரின் கீழ், கௌல் ராணுவத் தலைமையகத்தின் முக்கியப் பொறுப்புக்கு உயர்ந்தார். குன்னூருக்கு அருகே வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியின் தலைவராயிருந்த மானெக்‌ஷாமீது விசாரணை ஏவப்பட்டது. அவர் குற்றமற்றவர் என்று அது முடிந்தது.

ஓய்வுக்குப் பின் தென்னகம் திரும்பிய திம்மையா, 1962 ஜூலையில் செமினார் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். சீனாவோடு தனித்து நின்று முழுப்போர் நடத்துவதை ஒரு சிப்பாயாகத் தம்மால் எண்ணிப் பார்க்க இயலவில்லை என்றும், நாட்டின் பாதுகாப்பை அரசியலாளரும் ராஜதந்திரிகளும்தான் உறுதிசெய்ய வேண்டும் என்றும் அதில் தெளிவுபடுத்தினார். மூன்று மாதங்கள் கழித்து, அக்டோபர் 20 அன்று சீனப் படைகள் பெருந்தாக்குதல் தொடுத்தன. கிழக்கு முனையில் படைக்குத் தலைவர் கௌல். கோடைச் சீருடையோடு பனிமலைக்கு அனுப்பப்பட்ட வீரர்கள் மடிந்தனர். ஒரே மாதத்தில் எல்லாம் முடிந்தது. மேனன் பதவி இழந்தார். நேரு அந்த அதிர்ச்சியிலிருந்து மீளவேயில்லை.

திம்மையா தளபதியாகத் தொடர்ந்திருந்தால் போரை வென்றிருப்போம் என்று நான் சொல்லமாட்டேன். சாலைகளும் தளவாடங்களும் படைபலமும் ஒரு மனிதரால் இரண்டாண்டில் உருவாகிவிடாது. தளபதி என்ற முறையில் தயார்நிலைக் குறைவில் அவருக்கும் பங்குண்டு. ஆனால், உண்மையைச் சொன்னவர்கள் ஓரங்கட்டப்பட்டதைக் கண்ட ஒரு ராணுவத் தலைமை, 1962-இல் முடியாததை முடியாது என்று சொல்லத் துணியவில்லை. 1971-இல் மானெக்‌ஷா பருவகாலம் முடியும்வரை காத்திருக்க வேண்டுமென்று சொன்னபோது, இந்திரா காந்தி செவிமடுத்தார். அந்தச் செவிமடுப்புக்குப் பின்னால் 1959-இன் பாடமும் 1962-இன் வடுவும் இருந்தன.

கடைசிப் பணி

ஐம்பத்தெட்டு வயதில் மீண்டும் ஓர் அழைப்பு வந்தது. கிரேக்க, துருக்கிய இனத்தவர் மோதிக்கொண்டிருந்த சைப்ரஸ் தீவில் ஐ.நா. அமைதிப்படைக்குத் தலைமையேற்க 1964 ஜூலையில் அவர் சென்றார். அடுத்த மாதமே துருக்கி விமானங்கள் அத்தீவின்மீது குண்டு வீசின. பல நாட்டு வீரர்களைக் கொண்ட ஒரு படையை, யாரையும் சுடாமல், எல்லோரையும் பிரித்து நிறுத்தும் வேலை. கொரியாவில் கற்ற பொறுமை அங்கே கைகொடுத்தது. 1965 டிசம்பர் 18 அன்று, பணியிலிருக்கும்போதே நிகோசியாவில் மாரடைப்பால் காலமானார். அவர் நினைவாகச் சைப்ரஸ் அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. மடிக்கேரியில் அவர் வளர்ந்த சன்னி சைடு என்ற வீடு, 2021-இல் அருங்காட்சியகமாக நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

நினைவில்லம் எழுப்புவது நன்று. அதைவிட நல்ல அஞ்சலி ஒன்று பாக்கி இருக்கிறது. 1962 தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் - பகத் அறிக்கை, அறுபது ஆண்டுகள் கடந்தும் அரசால் அதிகாரபூர்வமாக வெளியிடப்படவில்லை. அதையும், அந்த ஆண்டுகளில் தளபதிகள் அரசுக்கு அளித்த அறிவுரைகளையும் முழுமையாகத் திறந்துவைக்க வேண்டும். யார் குற்றவாளி என்று தீர்ப்பெழுதுவதற்காக அல்ல. சம்பந்தப்பட்டவர்கள் அனைவரும் மறைந்துவிட்டனர். ஒரு தளபதி அமைச்சரிடம் கசப்பான உண்மையைச் சொல்வது எப்படி, ஓர் அமைச்சர் அதைக் கேட்பது எப்படி என்பதை அடுத்த தலைமுறை ஆவணங்களிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். எல்லையில் அதே அண்டை நாட்டோடு இன்றும் பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்திருக்கும் நமக்கு, அந்தப் பாடம் வெறும் வரலாறு அல்ல.